சென்டார்

சென்டார்கள் எனப்படுவோர் கிரேக்கத் தொன்மவியலில் இடம்பெறும், பாதி மனிதரும் பாதி குதிரையுமான ஓர் இனத்தவர் ஆவர். இடுப்புக்கு மேல் மனித உடலும், இடுப்புக்குக் கீழ் நான்கு கால்களும் வாலும் கொண்ட குதிரை உடலும் உடையவர்களாக இவர்கள் சித்தரிக்கப்படுகின்றனர். வடகிரேக்கத்தின் தெசலிப் பகுதியிலுள்ள பெலியோன் மலையும் அதைச் சூழ்ந்த காடுகளும் இவர்களின் முதன்மை வாழிடமாகக் கூறப்படுகின்றன. பெலொப்பொனேசியத் தீவக்குறையிலும் இவர்கள் வாழ்ந்ததாகக் கதைகள் உண்டு.

கிரேக்கத் தொன்மங்களில் வரும் அரக்க உயிர்களுள் பல தனித்தவை. மினோட்டார் ஒன்றே, கைமிராவும் ஒன்றே. சென்டார்களோ ஓர் இனமாக வாழ்பவர்கள். மனிதருக்கு அண்டையில் வசித்து, அவர்களுடன் பேசி, சில வேளைகளில் அவர்களின் விருந்துக்கும் அழைக்கப்படுகின்றனர். இதனால், மனிதன் எங்கே முடிகிறான், விலங்கு எங்கே தொடங்குகிறது என்ற வினாவைக் கிரேக்கர்கள் பெரும்பாலும் சென்டார் கதைகளின் வழியாகவே எழுப்பினர். மதுவெறியில் மணப்பெண்ணைக் கவர முயலும் யூரிட்டியோனும், அக்கிலீசுக்கு மருத்துவம் கற்பித்த கைரோனும் ஒரே இனத்தவராகக் கருதப்பட்டது குறிப்பிடத்தக்கது.

பெயர்

'சென்டார்' என்பது ஆங்கில ஒலிப்பின் வழியாகத் தமிழுக்கு வந்த வடிவமாகும். கிரேக்க மொழியில் இச்சொல் 'கென்டௌரோஸ்' என ஒலிக்கும். இதன் வேர் உறுதியாக அறியப்படவில்லை. 'குத்து' எனப் பொருள்படும் கிரேக்க வினைச்சொல்லையும் 'காளை' எனப் பொருள்படும் 'தௌரோஸ்' என்னும் சொல்லையும் இணைத்து, 'காளையைக் குத்துவோர்' எனப் பண்டைய உரையாளர்கள் பொருள் கூறினர். இது பிற்காலத்தில் கற்பிக்கப்பட்ட சொல்விளக்கம் என்றே இன்றைய மொழியியலாளர்கள் கருதுகின்றனர்.

'ஹிப்போ' என்னும் கிரேக்கச் சொல் குதிரையைக் குறிக்கும். அதை முன்னொட்டாகச் சேர்த்து 'ஹிப்போகென்டௌரோஸ்' என்றும் இவர்கள் அழைக்கப்பட்டனர். இலியட் காவியத்தில் ஹோமர் இவர்களைக் குறிக்கும்போது, மலையில் வாழும் காட்டுவிலங்குகள் என்ற பொருள்படும் சொல்லைப் பயன்படுத்துகிறார். இவர்களுக்குக் குதிரை உடல் இருந்தது என ஹோமர் எவ்விடத்திலும் வெளிப்படையாகக் கூறவில்லை.

பிறப்புக் கதைகள்

சென்டார்களின் பிறப்பைப் பற்றிய புகழ்பெற்ற கதை, கி.மு. 5 ஆம் நூற்றாண்டுக் கவிஞரான பிண்டாரின் இரண்டாம் பித்தியப் பாடலில் காணப்படுகிறது. இக்சியோன் என்பவன் உறவினனைக் கொன்ற பழிக்கு ஆளானவன். அவனுக்கு இரங்கிய கடவுளர்களின் தலைவர் சியுஸ், அவனைத் தம் உலகிற்கு விருந்தினனாக ஏற்றார். இக்சியோனோ விருந்தளித்தவரின் மனைவியான ஹீராவையே விரும்பினான். அவனைச் சோதிக்க எண்ணிய சியுஸ், மேகம் ஒன்றை ஹீராவின் உருவில் படைத்தார். இக்சியோன் அம்மேகத்துடன் கூடியதால் பிறந்தவன் கென்டௌரோஸ். அவன் மனிதரிடையேயும் கடவுளரிடையேயும் மதிப்பின்றி வளர்ந்து, பெலியோன் மலையடிவாரத்தில் மக்னீசியப் பெண்குதிரைகளுடன் கூடினான். அதன் பயனாக, மேலே தந்தையையும் கீழே தாயையும் ஒத்த இனம் தோன்றியது. இக்சியோன் தன் குற்றத்திற்காக ஓயாது சுழலும் சக்கரத்தில் கட்டப்பட்டான்.

இக்கதையில் சென்டார் இனம் இரண்டு குற்றங்களின் வழித்தோன்றலாக அமைகிறது. ஒன்று உறவினர் கொலை. மற்றொன்று விருந்தோம்பலுக்குச் செய்த துரோகம். கிரேக்கச் சமூகத்தில் விருந்தினர் உறவு புனிதமானதாகக் கருதப்பட்டது. அதன் காவலர் சியுஸே ஆவார். பின்வரும் சென்டார் கதைகளில் பெரும்பாலானவை விருந்து ஒன்றில் தொடங்கி வன்முறையில் முடிவது இப்பின்னணியில் நோக்கத்தக்கது.

எல்லாச் சென்டார்களும் இக்சியோன் வழியினர் அல்லர். கைரோன், குரோனசுக்கும் பெருங்கடலின் மகளான ஃபிலிராவுக்கும் பிறந்தவர். ஃபோலஸ், சைலேனசுக்கும் மர அணங்கு ஒருத்திக்கும் பிறந்தவர் என்று அப்பொல்லோடோரசின் பெயரில் வழங்கும் தொன்மத் தொகுப்பு நூல் கூறுகிறது. நற்குணம் உடையவர்களாகக் காட்டப்படும் இவ்விருவருக்கும் வேறு பிறப்புக் கதைகள் வழங்கப்பட்டிருப்பது கவனிக்கத்தக்கது.

உருவமைப்பு

பண்டைய கலைப்பொருட்களில் சென்டார்களின் உருவம் இருவகையாகக் காணப்படுகிறது.

முதல் வகையில், தலைமுதல் கால்வரை முழுமையான மனித உடலின் பின்புறத்தில் குதிரையின் பின்னுடலும் பின்னங்கால்களும் இணைக்கப்பட்டிருக்கும். இதன்படி முன்னங்கால்கள் மனிதப் பாதங்களைக் கொண்டவை. இவ்வடிவம் தொன்மையானது.

இரண்டாம் வகையில், குதிரையின் கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் மனிதனின் மேலுடல் அமைந்திருக்கும். நான்கு கால்களும் குளம்புடையவை. கி.மு. 5 ஆம் நூற்றாண்டில் இவ்வடிவமே நிலைபெற்றது. இன்று அனைவரும் அறிந்ததும் இதுவே.

இரண்டாம் வகை பரவிய பின்னரும் குவளை ஓவியர்கள் கைரோனை மட்டும் பெரும்பாலும் பழைய முறையிலேயே, மனிதக் கால்களுடனும் ஆடை அணிந்தவராகவும் வரைந்தனர். பிற சென்டார்கள் ஆடையின்றி, கையில் பாறையையோ வேரோடு பிடுங்கிய மரத்தையோ ஏந்தியிருப்பர். இவர்கள் உலோகக் கருவிகள் செய்யத் தெரியாதவர்கள் என்பதை இது உணர்த்துகிறது.

லாப்பித்துகளுடனான போர்

சென்டார்களைப் பற்றிய கதைகளுள் மிகவும் புகழ்பெற்றது, லாப்பித்துகள் என்ற தெசலிய மக்களுடன் அவர்கள் செய்த போர் ஆகும். லாப்பித்துகளின் அரசன் பெய்ரிதூஸ் தன் திருமணத்திற்குச் சென்டார்களையும் அழைத்தான். பெய்ரிதூஸ் இக்சியோனின் மகன் எனக் கூறும் மரபின்படி, சென்டார்கள் அவனுக்கு உறவினர்கள். மதுவைக் குடித்துப் பழகாத சென்டார்கள் விருந்தில் வெறிகொண்டனர். அவர்களுள் ஒருவனான யூரிட்டியோன் மணமகள் ஹிப்போடமியாவைப் பற்றி இழுத்தான். மற்றவர்கள் அங்கிருந்த பெண்களையும் சிறுவர்களையும் தூக்கிச் செல்ல முயன்றனர். பெய்ரிதூசின் நண்பனும் ஏதென்ஸ் நகரின் வீரனுமான தீசியஸ் உட்படப் பலர் அவர்களை எதிர்த்துப் போரிட்டனர். இறுதியில் சென்டார்கள் தோற்று, பெலியோன் மலையிலிருந்து துரத்தப்பட்டனர்.

இப்போரில் கைனியஸ் என்ற வீரனின் முடிவு தனிச்சிறப்புடையது. கைனியஸ் முன்பு கைனிஸ் என்ற பெண்ணாக இருந்தவர். கடற்கடவுள் பொசைடன் அளித்த வரத்தால் ஆணாகவும் ஆயுதங்களால் காயப்படுத்த இயலாதவராகவும் மாறினார். வாளும் ஈட்டியும் பயனற்றுப் போகவே, சென்டார்கள் மரங்களாலும் பாறைகளாலும் அவரை அடித்து, உயிருடன் மண்ணுக்குள் புதைத்தனர். ஒலிம்பியாவில் கிடைத்த கி.மு. 7 ஆம் நூற்றாண்டு வெண்கலத் தகடு ஒன்றில் இக்காட்சி பொறிக்கப்பட்டுள்ளது.

இப்போரைப் பற்றிய பழைய குறிப்புகள் ஹோமரிடமே கிடைக்கின்றன. இலியட்டில் முதியவரான நெஸ்டர், தம் இளமையில் லாப்பித்துகளுடன் சேர்ந்து மலைவாழ் விலங்குகளை எதிர்த்துப் போரிட்டதை நினைவுகூர்கிறார். ஒடிசியின் 21 ஆம் பகுதியில் யூரிட்டியோனின் கதை ஓர் எச்சரிக்கையாகக் கூறப்படுகிறது. பிச்சைக்காரன் வேடத்தில் தன் வீட்டுக்கே வந்திருக்கும் ஒடிசியசை நோக்கி, மதுவால் அழிந்த யூரிட்டியோனின் நிலை உனக்கும் வரும் என்று அன்டினோஸ் மிரட்டுகிறான். பிறர் வீட்டில் அழையாமல் தங்கி, அவர் செல்வத்தை உண்டு, அவர் மனைவியை மணக்க முயலும் அன்டினோசின் நடத்தையே யூரிட்டியோனின் நடத்தையை ஒத்தது. சிறிது நேரத்தில் ஒடிசியசின் முதல் அம்புக்கு இரையாகுபவனும் அவனே.

ஹெராக்கிளீசும் சென்டார்களும்

ஃபோலஸ்

எரிமந்தியக் காட்டுப்பன்றியைப் பிடிக்கச் சென்ற ஹெராக்கிளீஸ், வழியில் ஃபோலஸ் என்ற சென்டாரின் குகையில் தங்கினான். ஃபோலஸ் விருந்தினனுக்குச் சுட்ட இறைச்சியை அளித்துவிட்டுத் தான் பச்சை இறைச்சியை உண்டான். ஹெராக்கிளீஸ் மது கேட்டபோது, அது சென்டார்கள் அனைவருக்கும் பொதுவானது என்று கூறித் தாழியைத் திறக்க ஃபோலஸ் அஞ்சினான். ஹெராக்கிளீசின் வற்புறுத்தலால் தாழி திறக்கப்பட்டது. மதுவின் மணம் காட்டில் பரவ, சென்டார்கள் பாறைகளுடனும் மரங்களுடனும் திரண்டு வந்தனர். ஹெராக்கிளீஸ் அம்பெய்து பலரைக் கொன்றான். எஞ்சியோர் சிதறி ஓடினர்.

போருக்குப் பின், இறந்தவர்களுள் ஒருவனின் உடலிலிருந்து ஃபோலஸ் ஓர் அம்பைப் பிடுங்கினான். இவ்வளவு சிறிய பொருள் இவ்வளவு பெரிய உடலை எவ்வாறு வீழ்த்தியது என வியந்து பார்த்துக்கொண்டிருக்கையில், அம்பு கை நழுவிக் காலில் விழுந்தது. ஹைட்ராவின் நஞ்சு தோய்ந்த அந்த அம்பால் அவன் உடனே இறந்தான். ஹெராக்கிளீஸ் அவனை அடக்கம் செய்தான்.

நெசஸ்

நெசஸ் என்பவன் யூவினஸ் ஆற்றில் பயணிகளைச் சுமந்து கரைசேர்ப்பவன். ஹெராக்கிளீசின் மனைவி டெயனெய்ராவைச் சுமந்து செல்கையில் அவளிடம் தகாத முறையில் நடக்க முயன்றான். ஹெராக்கிளீஸ் அவனை அம்பெய்து வீழ்த்தினான். சாகும் தறுவாயில் நெசஸ், தன் குருதி கணவனின் அன்பை மீட்கும் மருந்தாகும் என்று டெயனெய்ராவிடம் கூறினான். அவளும் அதை நம்பிச் சேமித்து வைத்தாள்.

ஆண்டுகள் பல கழிந்தபின், ஹெராக்கிளீஸ் வேறொரு பெண்ணை அழைத்து வந்தபோது, டெயனெய்ரா அக்குருதியை ஓர் ஆடையில் தடவி அவனுக்கு அனுப்பினாள். அக்குருதியில் ஹைட்ராவின் நஞ்சு கலந்திருந்தது. ஆடை உடலோடு ஒட்டி அவனை எரித்தது. உண்மை அறிந்த டெயனெய்ரா தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். ஹெராக்கிளீஸ் ஈட்டா மலையில் சிதை அடுக்கச் செய்து அதில் ஏறினான். சோஃபோக்கிளீஸ் இயற்றிய 'டிராக்கிஸ் பெண்கள்' என்ற துன்பியல் நாடகத்தின் கரு இதுவே. உயிருடன் இருக்கும் எவராலும் தனக்குச் சாவில்லை, இறந்தவன் ஒருவனாலேயே சாவு நேரும் என்று தன் தந்தை சியுஸ் முன்பே உரைத்ததை ஹெராக்கிளீஸ் அந்நாடகத்தில் நினைவுகூர்கிறான்.

கைரோன்

கைரோன் சென்டார்களுள் மிகவும் நேர்மையானவர் என இலியட்டில் போற்றப்படுகிறார். குரோனஸ் குதிரை வடிவெடுத்து ஃபிலிராவுடன் கூடியதால் பிறந்தவர் என்பதால், இவர் சியுசுக்கு ஒன்றுவிட்ட உடன்பிறப்பும் சாவில்லாதவரும் ஆவார். இவரது பெயர் 'கை' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லுடன் தொடர்புடையதாகக் கருதப்படுகிறது. பெலியோன் மலைக்குகையில் தம் மனைவி காரிக்லோவுடன் வாழ்ந்தார்.

மருத்துவம், வேட்டை, இசை, நல்லொழுக்கம் ஆகியவற்றைக் கற்பிக்கும் ஆசிரியராகவே கைரோன் பெரிதும் அறியப்படுகிறார். மருத்துவக் கடவுளாகப் பின்னர் வணங்கப்பட்ட அஸ்கிலிப்பியஸ், ஆர்கோ கப்பலின் தலைவன் ஜேசன், அக்கிலீஸ் ஆகியோர் இவரது மாணவர்கள். செனஃபோன் எழுதிய வேட்டை நூல், கைரோனின் மாணவர்களாக 20 க்கும் மேற்பட்ட வீரர்களைப் பட்டியலிடுகிறது. அக்கிலீசின் தந்தை பெலியசுக்குக் கைரோன் அளித்த, பெலியோன் மலை மரத்தாலான ஈட்டியை அக்கிலீசைத் தவிர வேறெந்தக் கிரேக்க வீரனாலும் ஏந்த இயலவில்லை என இலியட் கூறுகிறது. 'கைரோனின் அறிவுரைகள்' என்ற பெயரில் ஓர் அறநூலும் பண்டைக் காலத்தில் வழங்கியது. அது ஹெசியோட் இயற்றியதாகக் கூறப்பட்டது. இன்று அதன் சில துணுக்குகளே எஞ்சியுள்ளன.

ஃபோலசின் குகையிலிருந்து தப்பிய சென்டார்கள், மலேயா முனையில் அப்போது வாழ்ந்த கைரோனிடம் அடைக்கலம் புகுந்தனர். அவர்களைத் துரத்தி வந்த ஹெராக்கிளீசின் அம்பு ஒன்று, எலாட்டஸ் என்பவனின் கையைத் துளைத்துச் சென்று கைரோனின் முழங்காலில் தைத்தது. ஹெராக்கிளீஸ் வருந்தி ஓடிவந்து அம்பைப் பிடுங்கி, கைரோன் கொடுத்த மருந்தையே இட்டான். ஆயினும் ஹைட்ராவின் நஞ்சுக்கு மருந்தில்லை. பிறரை ஆற்றிய மருத்துவருக்குத் தம் புண்ணை ஆற்ற இயலவில்லை. சாவில்லாதவர் ஆகையால் இறக்கவும் இயலவில்லை. முடிவில், புரொமீத்தியஸ் அவருக்கு ஈடாகச் சாவின்மையை ஏற்றுக்கொள்ள, கைரோன் விரும்பி இறந்தார் என்று அப்பொல்லோடோரசின் நூல் கூறுகிறது.

பெண் சென்டார்கள்

தொன்மையான கதைகளிலும் குவளை ஓவியங்களிலும் சென்டார்கள் பெரும்பாலும் ஆண்களாகவே உள்ளனர். ஓவியர் சியூக்சிஸ், தன் இரட்டைக் குழந்தைகளுக்குப் பாலூட்டும் பெண் சென்டார் ஒருத்தியை வரைந்தார். அந்த ஓவியத்தின் படி ஒன்றை ஏதென்சில் கண்ட லூசியன், பெண்ணுடல் குதிரையுடலோடு இணையும் இடம் கண்ணுக்குத் தெரியாதவாறு வண்ணம் தீட்டப்பட்டிருந்ததை வியந்து எழுதியுள்ளார். உரோமத் தளபதி சுல்லா மூல ஓவியத்தை இத்தாலிக்கு அனுப்பியபோது, அக்கப்பல் மலேயா முனைக்கு அருகே மூழ்கியதாகவும் அவர் குறிப்பிடுகிறார்.

உரோமக் கவிஞர் ஓவிட், 'உருமாற்றங்கள்' நூலின் 12 ஆம் பகுதியில் லாப்பித்துப் போரை விரிவாகப் பாடியுள்ளார். அதில் சில்லரஸ், ஹைலோனமி என்ற சென்டார் இணையரின் கதை இடம்பெறுகிறது. தலைவாரிப் பூச்சூடி, நாளும் நீராடித் தன்னை அழகுபடுத்திக்கொள்ளும் ஹைலோனமி, ஈட்டியால் வீழ்ந்த கணவனின் அருகிலேயே அதே ஈட்டியில் பாய்ந்து உயிர் விடுகிறாள். விலங்குகளாகக் கருதப்பட்ட எதிரிகளின் பக்கத்திலும் அன்பும் இழப்பும் இருந்ததை இப்பகுதி காட்டுகிறது.

கலையில் சென்டார்கள்

இதுவரை அறியப்பட்ட மிகப் பழைய சென்டார் உருவங்களுள் ஒன்று, யூபியா தீவின் லெஃப்கண்டியில் கிடைத்த சுடுமண் சிலை ஆகும். ஏறத்தாழ 36 செ.மீ. உயரமுடைய இது, கி.மு. 10 ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது. இச்சிலையின் தலை ஒரு கல்லறையிலும் உடல் மற்றொரு கல்லறையிலும் வைக்கப்பட்டிருந்தன. இதன் முன்னங்கால் ஒன்றின் முழங்காலில், சுடுவதற்கு முன்பே இடப்பட்ட வெட்டுக்குறி காணப்படுகிறது. இது கைரோனின் காயத்தைக் குறிக்கலாம் எனச் சில அறிஞர்கள் கருதுகின்றனர். அவ்வாறாயின், இக்கதை ஹோமரின் காவியங்களுக்கும் முற்பட்டதாகும். இச்சிலை எரெட்ரியா அருங்காட்சியகத்தில் உள்ளது.

கி.மு. 570 அளவில் ஏதென்சில் செய்யப்பட்ட 'ஃபிரான்சுவா குவளை'யில் லாப்பித்துப் போரும், பெலியசின் திருமணத்திற்கு வரும் கைரோனும் தனித்தனியே வரையப்பட்டுள்ளன. ஒரே குவளையில் திருமண விருந்தைக் கெடுத்த சென்டார்களையும், திருமணத்தை வாழ்த்த வரும் சென்டாரையும் காணலாம்.

ஒலிம்பியாவில் கி.மு. 457 அளவில் கட்டி முடிக்கப்பட்ட சியுஸ் கோயிலின் மேற்கு முகப்பில் இப்போர் பெருஞ்சிற்பங்களாக அமைக்கப்பட்டது. நடுவில் வலக்கையை நீட்டி நிற்கும் உருவத்தை, கி.பி. 2 ஆம் நூற்றாண்டில் அங்குச் சென்ற பௌசானியஸ் பெய்ரிதூஸ் என்றார். இன்றைய ஆய்வாளர்கள் அதனை அப்பல்லோ எனக் கொள்கின்றனர். சென்டார்களின் முகங்கள் சினத்தால் கோணியிருக்க, அவர்களிடம் சிக்கிய பெண்களின் முகங்கள் அமைதியாக உள்ளன.

பார்த்தினன் சிற்பங்கள்

ஏதென்சின் பார்த்தினன் கோயில் கி.மு. 447 முதல் 432 வரை கட்டப்பட்டது. அதன் வெளிப்புறத்தில் 92 சதுரச் சிற்பப் பலகைகள் இருந்தன. தெற்குப் பக்கத்தின் 32 பலகைகளுள் பெரும்பாலானவை லாப்பித்துகளும் சென்டார்களும் இருவர் இருவராகப் போரிடுவதைக் காட்டுகின்றன. கோயிலினுள் இருந்த அதீனா சிலையின் காலணிகளிலும் இப்போர் பொறிக்கப்பட்டிருந்ததாகப் பிளினி கூறுகிறார்.

கி.மு. 480 இல் பாரசீகப் படை ஏதென்சின் அக்ரோபொலிசை எரித்தது. அதன்பின் எழுந்த இக்கோயிலில் சென்டார்கள் பாரசீகரின் குறியீடாக அமைந்தனர் என்பது பரவலான கருத்து. எனினும் பலகைகளில் வெற்றி எப்போதும் ஒரு பக்கத்தில் இல்லை. ஒரு பலகையில் சென்டார் ஒருவன், வீழ்ந்து கிடக்கும் லாப்பித்தின் மீது வெற்றிக்களிப்புடன் பாய்கிறான். சில சென்டார்களின் முகங்கள் முகமூடிபோல் கொடுமையாக இருக்க, வேறு சில முகங்கள் முதிர்ந்த மனிதரின் முகங்களாகவே செதுக்கப்பட்டுள்ளன.

1687 இல் வெனிசியப் படையின் குண்டுவீச்சால், வெடிமருந்துக் கிடங்காகப் பயன்படுத்தப்பட்டிருந்த கோயில் வெடித்துச் சிதைந்தது. தெற்குப் பக்கத்தின் நடுப்பகுதிப் பலகைகள் பெரும்பாலும் அழிந்தன. 1674 இல் வரையப்பட்ட ஓவியங்களின் துணையாலேயே அவற்றின் தோற்றம் இன்று அறியப்படுகிறது. எஞ்சியவற்றுள் 15 பலகைகள் எல்கின் பிரபுவின் ஆட்களால் 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகற்றப்பட்டன. பிரித்தானிய அரசு 1816 இல் எல்கினின் தொகுப்பை 35,000 பவுண்டுக்கு வாங்கியது. அப்பலகைகள் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளன. மற்றொரு பலகை பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது.

தெற்குப் பக்கத்தின் நான்காம் பலகையின் நிலை இச்சிதறலுக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். அதிலுள்ள சென்டார், லாப்பித்து ஆகிய இருவரின் உடல்களும் இலண்டனில் உள்ளன. தலைகளோ வெனிசியப் படையில் பணியாற்றிய அலுவலர் ஒருவரால் 1688 இல் டென்மார்க்குக்குக் கொண்டு செல்லப்பட்டு, கோபன்ஹேகன் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளன. சிற்பங்களைத் திருப்பித் தருமாறு கிரேக்க அரசு நெடுங்காலமாகக் கோரி வருகிறது. 2009 இல் திறக்கப்பட்ட அக்ரோபொலிஸ் அருங்காட்சியகத்தில் பார்த்தினன் சிற்பங்களுக்கெனத் தனி மாடம் அமைக்கப்பட்டுள்ளது.

பண்டைக் காலத்து ஐயங்கள்

சென்டார்கள் உண்மையில் இருந்தனரா என்ற ஐயம் பண்டைக் காலத்திலேயே எழுந்தது.

* கி.மு. 4 ஆம் நூற்றாண்டினராகக் கருதப்படும் பாலைஃபேட்டஸ், குதிரையின் உணவு மனிதனின் வாய், தொண்டை வழியே செல்ல இயலாது என்றார். அவரது விளக்கப்படி, பெலியோன் மலையில் வெறிகொண்ட காளைகளை விரட்ட, நெஃபெலி என்ற ஊரின் இளைஞர்கள் முதன்முறையாகக் குதிரைமேல் ஏறிச் சென்று அவற்றை ஈட்டியால் குத்தினர். தொலைவிலிருந்து கண்டவர்கள் ஆளையும் குதிரையையும் ஒரே உயிர் என எண்ணினர். 'நெஃபெலி' என்ற சொல்லுக்கு மேகம் என்பதும் பொருளாதலால், மேகத்திற்குப் பிறந்தவர்கள் என்ற கதையும் எழுந்தது.

* உரோமக் கவிஞர் லூக்ரேஷியஸ் வளர்ச்சிக் காலத்தை அடிப்படையாகக் கொண்டு மறுத்தார். குதிரை மூன்று ஆண்டில் முழு வளர்ச்சி பெறுகிறது. மனிதக் குழந்தையோ அவ்வயதில் தாய்ப்பாலை மறப்பதில்லை. மனிதன் இளமை எய்தும்போது குதிரை முதுமை அடைந்துவிடுகிறது. ஆதலின் இவ்விரண்டும் ஒரே உடலாக வாழ இயலாது என்பது அவரது வாதம்.

* மருத்துவர் கேலன், உடலுறுப்புகளின் பயனைப் பற்றிய தம் நூலில், பிண்டாரின் கதையைக் கவிதை என்ற அளவில் மட்டுமே ஏற்கலாம் என்றார். நான்கு கால்களுடன் ஏணியில் ஏறி வீடு கட்டுவது எங்ஙனம் என்றும் அவர் வினவினார்.

* மாறாக, எகிப்திலிருந்து தேனில் இட்டுப் பதப்படுத்திக் கொண்டுவரப்பட்ட சென்டார் உடலொன்றைப் பேரரசர் கிளாடியசின் காலத்தில் உரோமில் கண்டதாகப் பிளினி எழுதியுள்ளார்.

செனஃபோனின், சைரசைப் பற்றிய நூலில் கிரிசந்தாஸ் என்ற பாத்திரம் இதனை வேறு கோணத்தில் நோக்குகிறது. குதிரையேற்றம் பயின்றால் சென்டாரின் ஆற்றல் அனைத்தும் கிடைக்கும். அதேவேளை வேண்டியபோது இறங்கி மனிதனைப்போல் உண்ணவும் உறங்கவும் இயலும் என அது கூறுகிறது.

பிளேட்டோவின் 'ஃபைட்ரஸ்' உரையாடலில் சாக்ரட்டீஸ் இத்தகைய விளக்கங்களில் ஈடுபட மறுக்கிறார். சென்டார்களுக்கு விளக்கம் கூறத் தொடங்கினால் கைமிராவுக்கும் கோர்கன்களுக்கும் கூற வேண்டியிருக்கும்; தன்னையே இன்னும் அறியாத தனக்கு அதற்கு நேரமில்லை என்கிறார். தாம் டைஃபோனைவிடச் சிக்கலான விலங்கா, அல்லது எளிமையான உயிரா என்பதே தாம் அறிய விரும்புவது என்றும் குறிப்பிடுகிறார்.

இன்றைய விளக்கங்கள்

தெசலி பண்டைக் காலத்தில் குதிரை வளர்ப்புக்கும் குதிரைப்படைக்கும் பெயர்பெற்றது. எனவே, குதிரையேறிய மாந்தரைப் பற்றிய நினைவே சென்டார் கதையாக மாறியது எனச் சிலர் கருதுகின்றனர். இது பாலைஃபேட்டசின் விளக்கத்தின் மறுவடிவமே ஆகும்.

19 ஆம் நூற்றாண்டில், கென்டௌரோஸ் என்ற பெயரை வேத இலக்கியத்தின் கந்தருவர் என்ற பெயருடன் ஒப்பிடும் முயற்சி தோன்றியது. பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் துமேசில் 1929 இல் வெளியிட்ட நூலில் இவ்வொப்பீட்டை விரிவாக ஆராய்ந்தார். எனினும் ஒலி மாற்ற விதிகளுக்கு இது பொருந்தவில்லை எனப் பெரும்பாலான மொழியியலாளர்கள் இதனை ஏற்பதில்லை.

தொன்மவியல் ஆய்வாளர்கள் இன்று தோற்றத்தைவிடப் பயனுக்கே முதன்மை தருகின்றனர். சமைத்த உணவு, நீர் கலந்த மது, முறையான திருமணம், விருந்தினர் உறவு ஆகியவற்றைக் கிரேக்கர்கள் மனித வாழ்வின் அடையாளங்களாகக் கொண்டனர். சென்டார்கள் பச்சை இறைச்சி உண்டு, மதுவைக் கையாளத் தெரியாது, திருமணத்தைக் குலைத்து, விருந்தினர் நெறியை மீறுகின்றனர். ஆயினும் விருந்தினனுக்காக இறைச்சியைச் சுட்டுக் கொடுக்கும் ஃபோலசும், வீரர்களை வளர்க்கும் கைரோனும் இவ்வரம்பை உடலைக்கொண்டு வகுக்க இயலாது என்பதைக் காட்டுகின்றனர். இவ்விருவரும் பகைவரால் அன்றி, விருந்தினனும் நண்பனுமான ஹெராக்கிளீசின் அம்பினால் இறந்தனர்.

பிற்காலத்தில்

புனித ஜெரோம் எழுதிய துறவி பவுலின் வரலாற்றில், பாலைவனத்தில் வழி தேடும் அந்தோணியாருக்குச் சென்டார் ஒன்று வழிகாட்டுகிறது. தாந்தேயின் 'நரகம்' பகுதியில், வன்முறையாளர்கள் மூழ்கியிருக்கும் குருதியாற்றைச் சென்டார்கள் காவல் காக்கின்றனர்; கைரோன், நெசஸ், ஃபோலஸ் ஆகிய மூவரும் அங்கே பெயர் சுட்டப்படுகின்றனர். மைக்கலாஞ்சலோ இளமையில் செதுக்கிய 'சென்டார்களின் போர்' ஃபுளோரன்சிலும், பொட்டிச்செல்லியின் 'பல்லாசும் சென்டாரும்' ஓவியம் அந்நகரின் உஃபிசி காட்சியகத்திலும் உள்ளன.

வானியலில்

தாலமி பட்டியலிட்ட 48 விண்மீன் குழாம்களுள் சென்டாரசும் ஒன்று. சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்சிமா சென்டாரி, ஏறத்தாழ 4.24 ஒளியாண்டு தொலைவில், இக்குழாமில் அமைந்துள்ளது.

1977 இல் சார்லஸ் கோவல் கண்டறிந்த சிறுகோள் ஒன்றுக்குக் கைரோன் எனப் பெயரிடப்பட்டது. இது சனி, யுரேனஸ் ஆகியவற்றின் சுற்றுப்பாதைகளுக்கு இடைப்பட்ட பகுதியில் பெரும்பாலும் சுற்றிவருகிறது. பின்னர் இது வால்வெள்ளியின் இயல்பையும் காட்டியது. இவ்வாறு சிறுகோள், வால்வெள்ளி ஆகிய இரண்டின் இயல்புகளையும் காட்டுவதால், வியாழனுக்கும் நெப்டியூனுக்கும் இடையே சுற்றும் இத்தகைய பொருட்கள் 'சென்டார்கள்' என்றே வகைப்படுத்தப்படுகின்றன. 1992 இல் கண்டறியப்பட்டது ஃபோலஸ் எனவும், 1993 இல் கண்டறியப்பட்டது நெசஸ் எனவும் பெயர் பெற்றன. 1997 இல் கண்டறியப்பட்டதற்குக் கைரோனின் மனைவி காரிக்லோவின் பெயர் இடப்பட்டது. காரிக்லோவைச் சுற்றி வளையங்கள் இருப்பது 2014 இல் அறிவிக்கப்பட்டது.